போன வழியிலேயே திருத்தமும் போகட்டும்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், இந்தியர் பெரும்பான்மையாக வாழும் டர்பன் ஃபீனிக்ஸில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறேன். கோயில் திருவிழா, தண்ணீர் நிறுத்தம், மின்வெட்டு என்று பேசிக்கொண்டிருந்த குழு அது. 2021 ஜூலைக் கலவரத்தில் ஓர் இரவு, நான்கு லாரி நிறைய ஆட்கள் எங்கள் தெருக்களைக் கொளுத்த வருகிறார்கள் என்ற குரல் பதிவு வந்தது. பதறிப்போய் அதை வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். லாரி எதுவும் வரவில்லை. மறுநாள் காலை, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞரை, எங்கள் குடியிருப்பாளர்கள் காவலுக்குப் போட்டிருந்த தெருமுனைத் தடையில் அடித்து விரட்டினார்கள் என்று பிறகு அறிந்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் பத்திரிகைகள் எங்கள் ஊர்ப் பெயரோடு 'படுகொலை' என்ற சொல்லைச் சேர்த்தே எழுதின. இது நியாயமா? இப்படிப்பட்ட நேரங்களில் இனத்தைக் குறிப்பிடாமல் எழுதினால்தான் என்ன? ஜூலை வந்தால் பழைய காணொளிகள் மறுபடி சுற்றுகின்றன, நீக்கிவிடலாமா? பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான பாம்பாயியில் உள்ள ஒரு தேவாலயத்துப் பெண்கள் எங்களோடு உட்கார்ந்து பேச அழைத்திருக்கிறார்கள். சமூக வானொலி நிருபர் ஒருவர் அதைப் பதிவு செய்யக் கேட்கிறார். எங்கள் குழுவினர் எதிர்க்கிறார்கள். அனுமதிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது ஒன்று, கேள்விக்குறி இல்லாமல், கடிதத்தின் நடுவில் ஒதுங்கி நிற்கிறது. "இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை" என்ற வரியைத்தான் சொல்கிறேன். பத்திரிகைகள் நம்மை எப்படி எழுதின என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், அந்த இரவில் உங்கள் கையில் இருந்த கைபேசியும் ஓர் ஊடகமாகத்தான் வேலை செய்தது என்பதை ஒத்துக்கொண்டு தொடங்குவோம். டர்பனில் இருபது ஆண்டுகள் பத்திரிகையின் ஆசிரியர் மேசையில் இருந்துவிட்டு, பிறகு ஊர்ப் பூசல்களில் நடுநிலையாளனாக உட்கார வந்தவன் நான். முதல் வேலையில் தவறான செய்தியை வெளியிட்ட குற்றவுணர்வை நானும் சுமந்திருக்கிறேன் என்பதால், உங்களைக் கூண்டில் நிறுத்திப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை.

அந்தப் பதிவில் பேசப்பட்டதை நீங்கள் எழுதி இணைத்திருந்தீர்கள். பத்தொன்பது வினாடி. "இப்போது நாலு லாரி பாலத்தைத் தாண்டிவிட்டது, என் மச்சான் பார்த்திருக்கிறான், ஆம்பிளைகள் எல்லாரும் வெளியே வாருங்கள்" என்று முடிகிறது. பேசுகிறவருக்குப் பெயர் இல்லை. எந்தப் பாலம் என்று இல்லை. ஃபீனிக்ஸில் பாலத்துக்கா பஞ்சம்? பார்த்தவர் மச்சான், பேசுகிறவர் வேறு. அந்த மச்சானும் தன் கண்ணால் பார்த்தாரா, பார்த்தவர் சொல்லக் கேட்டாரா என்பது தெரியாது. இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது 'இப்போது' என்ற சொல்தான். எழுதிய செய்திக்கு மேலே ஒரு தேதி இருக்கும். குரல் பதிவில் 'இப்போது' என்று சொன்னால், அதை யார் எந்த மணிக்குத் திறந்து கேட்டாலும் அவருக்கு அது அந்த நிமிடத்துச் செய்தி. இரவு ஒன்பது மணிக்குப் பேசியதை விடியற்காலை நான்கு மணிக்குக் கேட்பவருக்கும் லாரி அப்போதுதான் பாலத்தைத் தாண்டுகிறது. உங்கள் தெருமுனையில் காலையில் நின்றவர்கள் கையில் தடியோடு எந்த நேரத்துச் செய்தியைக் கேட்டு நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் வாட்ஸ்அப்பை மட்டும் பழிசொல்லிவிட முடியாது. 1949 ஜனவரி 13 அன்று மாலை, டர்பன் விக்டோரியா தெருவில், இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனை அடித்தார். அவன் தலையில் கண்ணாடி பட்டு இரத்தம் வழிந்தது. வேலை முடிந்து ஆயிரக்கணக்கானவர்கள் பேருந்துக்காகக் கூடும் நேரம், கூடும் இடம். சிறுவன் செத்துவிட்டான் என்ற பேச்சு, அவர்களோடு பேருந்து ஏறி ஊரெங்கும் போனது. சிறுவன் சாகவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் கேட்டோ மேனரிலும் நகரின் மற்ற இடங்களிலும் 142 பேர் செத்தார்கள்: 87 ஆப்பிரிக்கர், 50 இந்தியர், ஒரு வெள்ளையர், அடையாளம் தெரியாத நால்வர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். வதந்திக்குத் தீனி ஏற்கெனவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு வாடகை, கடைக்கடன், பேருந்தில் நடத்திய விதம் என்று உண்மையான மனக்கசப்புகள் பல இருந்தன, அவற்றை வளரவிட்டுப் பயனடைந்த ஓர் அரசும் மேலே இருந்தது. என் பாட்டி அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அந்தப் பையன் செத்த அன்னைக்கு" என்றுதான் தொடங்குவார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அவரைப் பொறுத்தவரை அந்தப் பையன் செத்துத்தான் போயிருந்தான். யாரும் வந்து அவரிடம் 'இல்லை' என்று சொல்லவே இல்லை.

உங்கள் விஷயத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. லாரி வருகிறது என்ற செய்தி உங்கள் குழுவிலிருந்து மூன்று குழுக்களுக்குப் போனது. லாரி வரவில்லை என்ற செய்தி எங்கும் போகவில்லை. வரவில்லை என்பதைத்தான் எல்லாரும் பார்த்தார்களே, அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால், திருத்தப்படாத வதந்தி அப்படியே மறைந்துவிடுவதில்லை. அது உருமாறி, செய்த செயலுக்குச் சான்றாகிவிடுகிறது. "நாம் இரவெல்லாம் தடை போட்டு நின்றதால்தான் அவர்கள் திரும்பிப் போனார்கள்" என்று அந்த மூன்று குழுக்களிலும் இன்றும் சொல்கிறவர்கள் இருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நடுநிலையாளனாக நான் உட்கார்ந்த கூட்டங்களில் இதே வாக்கியத்தை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். இல்லாத லாரிகளைத் திருப்பி அனுப்பியதாக நம்புகிறவர்களுக்கு, அடிபட்ட அந்த இளைஞர் அந்த வெற்றியில் ஏற்பட்ட ஒரு சின்னச் சேதம். அந்தக் கணக்கைக் கலைக்க வேண்டுமானால், லாரி வரவே இல்லை என்பதை, செய்தி போன அதே வழியில், அனுப்பிய அதே கையிலிருந்து அனுப்ப வேண்டும். பத்திரிகையில் நான் பத்துக் கட்டுரை எழுதினாலும் அந்த மூன்று குழுக்களுக்குள் அது போகாது. போனாலும், "இவன் எந்தக் கட்சி?" என்றுதான் கேட்பார்கள். உங்களை அவர்களுக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் உங்களிடம் படித்தவர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜுமா நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைப்பட்டதைத் தொடர்ந்து, 2021 ஜூலை 9 வாக்கில் நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் தொடங்கிய கலவரத்தில், நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் 36 பேரின் மரணம் ஃபீனிக்ஸில் நிகழ்ந்தது. அந்த 36 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இதை முதலில் வைத்துவிட்டுத்தான் தலைப்புகளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் நிலை. நம் கூட்டங்களில் பல சமயம் இந்த வரிசை தலைகீழாகி விடுகிறது. நம்மைப் பற்றி எப்படி எழுதினார்கள் என்ற மனக்குறையை இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, செத்தவர்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குகிறோம். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதை ஒப்புக்கொண்ட பிறகு, உங்கள் மனக்குறையில் நியாயமான பகுதி எது என்று பிரித்துப் பார்க்கலாம். 'படுகொலை' என்ற சொல் நிகழ்ந்ததன் கொடுமையைச் சொல்கிறது. தம் பிள்ளையை இழந்தவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதை நாம் மறுத்துப் பேச உரிமை இல்லை. ஆனால் ஊர்ப் பெயரையும் சொல்லையும் ஒட்டவைத்து ஒரே பெயராக்கும்போது, தடையில் நின்று சுட்டவரும், வீட்டுக்குள் பயந்து கிடந்தவரும், தெருவில் அகப்பட்ட அந்நியரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். காவல்துறை எங்கே போயிருந்தது என்ற கேள்வியும் அந்தப் பெயருக்குள் காணாமல் போய்விடுகிறது. இந்த மாகாணம் இதற்கு முன்பும் இப்படிப்பட்ட பெயர்ச்சூட்டலைக் கண்டிருக்கிறது. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் இங்கே நடந்த கொலைகளை, கறுப்பர் மீது கறுப்பர் நடத்தும் வன்முறை என்று எழுதுவது பத்திரிகை வழக்கமாக இருந்தது. நானும் அப்படித் தலைப்பு வைத்திருக்கிறேன். பாதுகாப்புப் படைகள் ஒரு தரப்புக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்திருந்தது பின்னால் வெளிவந்தபோது, எங்கள் தலைப்பு இத்தனை ஆண்டுகளாக யாரை மறைத்து வைத்திருந்தது என்பது புரிந்தது. கொல்பவரையும் சாகிறவரையும் மட்டும் காட்டி, மூன்றாமவரைப் படச்சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிடுவதுதான் இத்தகைய பெயர்களின் வேலை.

தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2021 நவம்பரில் விசாரணை அமர்வுகளைத் தொடங்கி, 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. கலவரம் நடந்து இரண்டரை ஆண்டு கழித்து! அந்த இடைவெளியில் காணொளிகளும் குரல் பதிவுகளும் தம் பங்குக்கு எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. செத்தவர்களின் தொகை ஒரு பக்கம் நூற்றுக்கணக்கில் ஏறியது. இன்னொரு பக்கம் எல்லாம் கட்டுக்கதை என்று இறங்கியது. முழு விசாரணை அறிக்கை தாமதமாக வந்ததற்குப் பத்திரிகைகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பிணவறைக்கு ஒரு நிருபரை அனுப்பித் தாங்களே பெயர்ப் பட்டியல் எடுத்திருக்க வேண்டிய ஆசிரியர்கள், சமூக வலைத்தளங்களில் ஓடிய எண்ணைத் 'தகவல்கள் கூறுகின்றன' என்று போட்டதற்குக் குற்றம் சொல்லலாம். 'தகவல்கள் கூறுகின்றன' என்பதும் 'என் மச்சான் பார்த்தான்' என்பதும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை.

வருங்காலத்தில் இப்படி ஒன்றைக் கண்டால் கூட்டத்தில் புலம்பி விட்டுவிடாதீர்கள். அச்சிலோ இணையத்திலோ வந்தது என்றால், அந்த இதழ் பத்திரிகைக் குழுமத்தில் உறுப்பாக இருக்கும் பட்சத்தில், வெளியான 20 வேலை நாட்களுக்குள் அங்கே இலவசமாகப் புகார் கொடுக்கலாம். செய்திக்குக் கண்டிப்பாகத் தொடர்புடையதாகவும் பொதுநலனுக்கு உகந்ததாகவும் இருந்தாலன்றி, ஒருவரின் இனத்தை இழிவுபடுத்தும் முறையில் குறிப்பிடக் கூடாது என்பது அவர்களுடைய நெறிமுறையிலேயே இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சி என்றால் ஒலிபரப்புப் புகார் ஆணையம் இருக்கிறது. அதற்கு 30 நாள். 2021 செய்திகளுக்கு இந்தக் கெடுவெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது.

இனத்தைக் குறிப்பிடாமலே எழுதிவிட்டால் என்ன என்ற உங்கள் இரண்டாவது கேள்வி நல்லெண்ணத்தில் கேட்டது என்று தெரியும். என் பதில், முடியாது, கூடாதும்கூட. தடைகளில் ஆளை நிறுத்தியதே தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் என்று பலர் சாட்சியம் சொல்லியிருக்கும்போது, நிறத்தை விட்டுவிட்டு அந்தச் செய்தியை எழுதினால் அது பொய்ச் செய்தி. ஊடகம் எந்த அளவுக்குக் கொலைக்கருவியாகும் என்பதற்கு எல்லாரும் ருவாண்டாவைச் சொல்வார்கள். 1994 இனப்படுகொலையின்போது ஆர்.டி.எல்.எம். வானொலி, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர், இருப்பிடம் ஆகியவற்றை ஒலிபரப்பியது. அந்த வானொலியின் நிறுவனர்கள் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் பன்னாட்டு நீதிமன்றம் 2003 இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அது தெரிந்த பாடம். அவ்வளவாகப் பேசப்படாத எதிர்ப்பாடம் கென்யாவில் இருக்கிறது. 2007 டிசம்பர்த் தேர்தலுக்குப் பின் அங்கே கலவரம் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 ஜனவரி 3 அன்று, நாட்டைக் காப்போம் என்ற பொருளில் பத்திரிகைகள் எல்லாம் ஒரே தலைப்போடு வந்தன. அந்த நாளில் அது தேவையாக இருந்தது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. 2013 தேர்தலின்போது அமைதி, அமைதி என்று முழங்கிக்கொண்டே, வாக்கு எண்ணிக்கையின் குளறுபடிகளைக் கேட்கக் கூடப் பத்திரிகைகள் தயங்கின என்று அந்நாட்டு இதழாளர்களே பின்னால் குறைப்பட்டுக்கொண்டார்கள். அமைதிக்காக மூடிய வாயைத் திறப்பது அவ்வளவு எளிதல்ல. யார் யாரை ஏன் அடித்தார் என்பதை இனம் உட்படச் சொல்லுங்கள். செய்தவரின் இனத்தை அந்த இனத்தவர் அனைவருக்கும் பெயராக்காதீர்கள். ஒரு நிருபரிடம் நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை இந்த இரண்டும்தான்.

பழைய காணொளி பற்றிய கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழு நிர்வாகி என்ற முறையில் அதை நீக்கும் வசதி உங்களிடம் இருக்கிறது. ஆனால் சத்தமில்லாமல் நீக்கினால், "டீச்சர் எதையோ மறைக்கிறார்" என்ற புது வதந்தி கிளம்பும். முதலில் அனுப்பியவரிடம், இது எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, எங்கிருந்து உங்களுக்கு வந்தது என்று குழுவிலேயே மரியாதையாகக் கேளுங்கள். ஒரு நாள் பொறுத்து, விடை வராவிட்டால், 'தேதியும் இடமும் தெரியாததால் நீக்குகிறேன்' என்று எழுதிவிட்டு நீக்குங்கள். ரியல் 411 என்ற இணையதளத்தில் பொய்த்தகவல், வெறுப்புப் பேச்சு, வன்முறைத் தூண்டல் ஆகியவற்றைப் பற்றி யார் வேண்டுமானாலும் புகார் பதியலாம். மறுபடி ஒரு பதற்றமான இரவு வந்தால், நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று குழுவை மாற்றி வைத்துவிட்டு, பார்த்தவரின் பெயரும் நேரமும் இடமும் உள்ள செய்தியை மட்டும் விடுங்கள். குழுவையே மூடிவிடாதீர்கள், மூடினால் பேச்சு வேறு இடத்துக்குப் போகும், அங்கே உங்களைப் போல ஒருவர் இருக்க மாட்டார்.

பாம்பாயிப் பெண்களின் அழைப்புத்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அழைத்தவர்கள் அவர்கள் என்பதைக் கவனித்தீர்களா? அந்த இடத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. 1985 ஆகஸ்ட் கலவரத்தில் அது சூறையாடப்பட்டது, பாம்பாயியை உள்ளடக்கிய இனாண்டாவிலிருந்த இந்தியக் குடும்பங்கள் ஓடிவந்து உங்கள் ஃபீனிக்ஸ் ஊரில் தஞ்சம் புகுந்தார்கள். அதே சுற்றுவட்டாரத்தில் கறுப்பினத் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஒஹ்லாங்கே பள்ளி இருக்கிறது. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியது 1903 இல். டூபேயின் சூலு இதழ் 'இலாங்கா' தொடங்கியதும் அதே 1903 இல். தொடக்கத்தில் இரண்டும் டர்பன் கிரே தெருவில் ஒரே அச்சகத்தில் அச்சாயின. ஒரே இயந்திரத்தில் ஏறி இறங்கிய இரண்டு தாள்கள், இரண்டு வாசகர் கூட்டத்துக்குப் போயின; ஒன்றைப் படித்தவர் மற்றதைப் படிக்கவில்லை. ('ஒப்பீனியனில்' தமிழ்ப் பகுதியும் இருந்தது, 1906 இல் நிறுத்திவிட்டார்கள்.) இன்றும் நிலைமை அதுதான். அவர்கள் சூலு மொழி உக்கோசி வானொலி கேட்கிறார்கள், நாம் இந்தியருக்கான லோட்டஸ் வானொலி கேட்கிறோம். ஆகவே அவர்களுக்கு ஒரு ஜூலை, நமக்கு ஒரு ஜூலை.

அந்த நிருபரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். முதல் நாளே உள்ளே விடவும் வேண்டாம். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் அமர்வுகளை வானொலியில் நாடே கேட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வெளிப்படையாகப் பேசுவதுதான் குணப்படுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆணையத்துக்கு ஏறத்தாழ 21,000 வாக்குமூலங்கள் வந்தன. அவற்றில் பத்தில் ஒரு பங்குதான் பொது அமர்வில் சொல்லப்பட்டது. மற்றவை நான்கு சுவருக்குள், ஒருவர் சொல்ல ஒருவர் எழுதியவை. ஒலிவாங்கியைக் கண்டதும் மனிதர்கள் தம் ஊர்க்காரர்களுக்காகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எதிரே இருப்பவருக்காகப் பேசுவது நின்றுவிடுகிறது. நான் நடத்திய ஒரு கூட்டத்தில், இரண்டு மணி நேரம் தலையைக் குனிந்து விசும்பிக்கொண்டிருந்த ஒருவர், புகைப்படக்காரர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து அறிக்கை வாசித்தார். அன்றைக்குப் பிறகு அவரோடு பேச்சு நகரவே இல்லை.

முதல் இரண்டு சந்திப்புகளைப் பதிவில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிகளை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு வரட்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அவர் இரு தரப்பும் ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். சூலுவில் அழுகிற தாயிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். மூன்றாவது சந்திப்பின் முடிவில், எதை வெளியே சொல்லலாம் என்று இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்த பிறகு நிருபர் வரட்டும். அவரிடம் ஒரு நிபந்தனை வைக்கலாம்: சூலு பேசும் இன்னொரு நிருபரோடு இணைந்து வர வேண்டும். புருண்டியில் 1995 இல் தொடங்கிய ஸ்டூடியோ இஜாம்போ என்ற வானொலிக் கூடம், அங்கே மோதிக்கொண்ட இரு இனங்களிலிருந்தும், ஹுட்டு ஒருவர், டுட்சி ஒருவர் என்று நிருபர்களைச் சேர்த்தே களத்துக்கு அனுப்பியது. ஒருவர் போக முடியாத தெருவுக்கு மற்றவர் போனார். ஒருவர் கேட்கத் தயங்கியதை மற்றவர் கேட்டார். அதைவிட, செய்தியை எழுதும்போது ஒரே வாக்கியத்தை இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வானொலிக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொண்டால் நிகழ்ச்சி இரு மொழியிலும், இரு பக்கமும் கேட்கும் நிலையங்களிலும் போக வேண்டும் என்றும் கேளுங்கள். உறவை இழந்தவர்களின் பேச்சை வெட்டி ஒட்டியபின் ஒலிபரப்புமுன் அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இதற்கு நிருபர் தயங்குவார். ஆசிரியர் மேசையில் இருந்தபோது நானும் தயங்கியிருப்பேன். அழுத்திக் கேளுங்கள்.

உங்கள் குழுவினர் எதிர்ப்பதற்குக் காரணம் பயம் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. நடந்தவற்றில் சில இன்னும் வழக்காகலாம். நடுநிலையாளர் முன் பேசியது எதுவும் வெளியே போகாது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். கொலை, கொலைமுயற்சி போன்றவற்றில் அப்படிப்பட்ட உறுதியைக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்கள் விஷயத்தில், நீங்கள் அந்தப் பதிவை அனுப்பியது பயத்தில். கைபேசிச் செய்தி மூலம் வன்முறையைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் இணையக் குற்றச் சட்டப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பரில், அதற்குப் பிறகு. இருந்தாலும் நான் வழக்கறிஞன் இல்லை. கீழே உள்ளதை அனுப்புவதற்கு முன்பும், வானொலியில் வாய் திறப்பதற்கு முன்பும், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி அலுவலகத்தை அணுகலாம்.

திருத்தச் செய்தியை இப்படி அமைக்கலாம். நம் குழுக்களில் ஆங்கிலம்தான் ஓடுகிறது என்பதால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், பொருள் இதுவாக இருக்கட்டும்: "2021 ஜூலையில் கலவர இரவு ஒன்றில், நான்கு லாரிகள் வருவதாகச் சொன்ன ஒரு குரல் பதிவை நான் இந்தக் குழுவுக்கு அனுப்பினேன். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. பிறகு விசாரித்தேன். அப்படி எந்த லாரியும் வரவில்லை, யாரும் அவற்றைத் திருப்பி அனுப்பவும் இல்லை. அந்தப் பதிவு இன்னும் யாரிடமாவது இருந்தால், இந்தச் செய்தியைச் சேர்க்காமல் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்." கீழே உங்கள் பெயரும் அனுப்பும் தேதியும். மன்னிப்பு, வருத்தம், விளக்கம் எதையும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றைப் படித்துவிட்டு மக்கள் உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்குவார்கள், லாரி மறுபடி மறந்துபோகும். வருத்தத்தைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. அடிபட்ட அந்த இளைஞர் யார் என்று பாம்பாயிப் பெண்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

'பிறகு விசாரித்தேன்' என்ற வரி உண்மையாக இருக்க, நீங்கள் விசாரித்தாக வேண்டும். அந்தப் பதிவில் சொன்ன பாலம் எதுவாக இருக்கலாம் என்று இரண்டு பாலங்களைக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஒன்றின் அருகே பெட்ரோல் நிலையம் இருக்கிறது. அந்த வாரம் இரவுக் காவலில் இருந்தவர் இன்னும் அங்கேயே வேலை செய்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் இனாண்டாக்காரர் என்பதால், அன்றிரவு அவர் பக்கத்துக் குழுக்களில் நம்மைப் பற்றி என்ன பதிவு சுற்றியது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். செய்தியை அனுப்புவதற்கு முன் வரைவை எனக்கு ஒரு முறை அனுப்பினால், மேசைக்காரனின் பழக்கத்தில் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.